தும்மலுக்குக் காரணம் யார்?

பாப்பா போட்ட தும்மலில் டாக்டர் ரவிக்குமாரின் மேஜையில் கிடந்த சீட்டெல்லாம் ஜன்னலைத் தாண்டி டீத்தோட்டத்துக்கே பறந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானா?"

"இல்லீங்க டாக்டர், வீட்டுல மட்டுந்தான். மூக்கடைச்சு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை," என்றாள் அம்மா இந்துமதி. கீழ் கோத்தகிரியிலிருந்து குடும்பமே கிளம்பி வந்திருந்தது.

டாக்டர் டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். "சளி இல்லை, அலர்ஜி. வீட்டுல ஏதோ ஒத்துக்கலை."

அவ்வளவுதான். கணவன் சசிதரனின் சிகரெட் என்றாள் இந்துமதி. தலைக்கு ஊற்றும்போதெல்லாம் இவள் போடும் சாம்பிராணிப் புகை என்றான் சசிதரன். இரண்டும்தான் என்றார் தாத்தா காத்தமுத்து.

உடனே புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக அவர் பக்கம் திரும்பினார்கள். சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கம்பளியைத்தான் தாத்தா தினமும் பாப்பாவுக்குப் போர்த்திவிடுகிறார், அந்தக் கம்பளி இன்னும் இந்தியத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்றார்கள்.

நடுவில் உட்கார்ந்து பாப்பா இன்னொன்று தும்மினாள்.

டாக்டர் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று பேரிடமும் குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

"காரணம் நீங்கதான். மத்தவங்ககிட்ட நான் மூச்சு விடமாட்டேன். சத்தமில்லாம நிறுத்திடுங்க."

மூக்கு மருந்தை எடுத்துவைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ராமாத்தாள் முகம் சுளித்தாள். படித்த மனுஷன், வாய் கூசாமல் ஒரே பொய்யை மூன்று தடவை சொல்கிறாரே!

அடுத்த மாதம் வந்தார்கள். பாப்பா மூக்கால் மூச்சு விட்டாள். வாய்க்குத்தான் ஓய்வில்லை, பேசித் தீர்த்தாள். படுத்தால் விடியும்வரை அசைவதில்லையாம்.

பெரியவர்களும் மாறியிருந்தார்கள். இந்துமதி நகர்ந்து கணவனுக்கு இடம் கொடுத்தாள். தாத்தா மருமகளைப் புகழ்ந்தார். சசிதரன் அப்பாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினான்.

கொஞ்ச நேரத்தில் குடையை மறந்த சாக்கில் ஒருவர், பையை மறந்த சாக்கில் ஒருவர் என்று மூவரும் தனித்தனியாகத் திரும்பி வந்து, "சொல்லிடலியே டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ராமாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், மூணு பேர்கிட்டயும் நீங்கதான் காரணம்னு சொன்னீங்களே, இதுல எது நெசமுங்க?"

"மூணுமே நிஜந்தாம்மா. ஒண்ணா உக்கார வெச்சுச் சொல்லியிருந்தா, ஆளுக்கு மத்த ரெண்டுதான் காதுல விழுந்திருக்கும்."