ஜீவராணியின் குரல் நின்ற இடம்

“இந்த எடந்தாங்க ஐயா! இங்கதான் எம் மக வாயப் பொத்துறாங்க!”

காளியாயி கடை மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஹட்டனில் ரேடியோ திருத்தும் சிவபாதம், அவள் கொண்டுவந்த செட்டில் கசெட்டை மறுபடி பின்னுக்குச் சுற்றினார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஜீவராணி, வாசிக்கத் தெரியாத தாய்க்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட் அது.

“அம்மா, நான் நல்லா இருக்கேன். ஆனா இங்க...” அதோடு குரல் நின்றது. நாடா மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, “அழாதீங்கம்மா, நிறுத்திக்கிறேன்” என்று மறுபடி வந்தது.

“மூணு வாரமா இதே எடத்துல நிக்கிதுங்க. அவ உசுரோட இருக்காளான்னே தெரியல.”

“ஒடஞ்ச பொட்டிக்கு ஒப்பாரி வைக்காதீங்க அத்தே,” என்றான் பக்கத்தில் நின்ற மருமகன், ஜீவராணியின் கணவன் அழகன். “கசெட்டு வந்தன்னிக்கே போட்டுப் பாத்தேன், நீங்க மலையில நின்னீங்க. அப்பவே செட்டு மக்கர் பண்ணிச்சு. வாங்க, பஸ் போயிரும்.”

சிவபாதம் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தார். புது பெல்ட் மாட்டினார். குரல் அதே இடத்தில் நின்றது. கடையிலிருந்த பாட்டுக் கசெட் ஒன்றைப் போட்டார். அது எங்கும் நிற்காமல் பாடியது.

“செட்டிலை ஒரு பிழையும் இல்லை அம்மா. கசெட்டிலைதான். ஆரோ அந்த இடத்திலை ரெக்கோட் பட்டனை அமத்திப்போட்டுப் பேசாமல் இருந்திருக்கினம். பிள்ளை பேசினது அழிஞ்சு போச்சு.”

காளியாயி கசெட்டைப் பார்த்துக் கத்தினாள். “அந்த வீட்டுக்காரிதான் அழிச்சிருப்பா! எம் மகள என்ன பண்ணுனாளோ!”

“பயப்பிடாதேங்கோ. அழிக்கேக்கை சுத்துப்பக்கத்துச் சத்தம் மெல்லிசாய்ப் பதிஞ்சிருக்கும். பெரிய ஸ்பீக்கரிலை குடுத்துக் கேப்பம்.”

“வேணாங்க!” அழகன் பாய்ந்து செட்டைத் தூக்கப் போனான். “அத்தே தாங்க மாட்டாங்க. கேக்கக் கூடாத எதையாச்சும் கேட்டுட்டா?”

காளியாயி அவன் கையைத் தட்டிவிட்டாள். “கேக்காமத்தான் தெனம் சாவுறேன். போடுங்க ஐயா.”

சிவபாதம் வயரைச் செருகி, சத்தத்தை முழுதும் கூட்டினார். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் தகரத்தில் மழை விழுவதுபோல ஒன்று. யாரோ மூச்சை அடக்கி விடும் சத்தம். தொலைவில், நீளமாக, ஓர் ஊதல்.

“என்னது, கப்பலோ?” என்றார் சிவபாதம்.

அது காளியாயி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து ஆலைச் சங்கு. அந்த ஊதலைக் கேட்டுத்தான் இருபது வருசமாக அவள் மலையிலிருந்து கொழுந்தோடு இறங்குகிறாள்.

மெல்லத் திரும்பினாள். அழகன் கதவோரம் போய்விட்டிருந்தான்.

“எம் மக என்ன சொன்னா, மாப்ள?”