கிளிப்பச்சைக் கோட்டு

"கூடை எங்கே?" என்றார் டிராம் கண்டக்டர்.

"இன்னிக்கு கூடையே இல்ல சாமி. கையப் பாரு" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு ஏறினாள் கெங்கம்மா.

முந்தின நாள் ராயபுரத்தில் மீன் கூடையோடு ஏறியவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருந்தார்கள். "நாங்கள் ஆபீஸ் போகிறோமா, மீன் மார்க்கெட் போகிறோமா?" என்று முதலில் சத்தம் போட்டவர் ஹெட்கிளார்க் தாமோதரன். இன்றைக்கும் அவருக்கு எதிரில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

"நேத்து நான் நடந்து மண்ணடி போய்ச் சேர்றதுக்குள்ள தாவூது பாய் ஓட்டல்ல சோறே வடிச்சிட்டாங்கோ" என்று பொதுவாகச் சொன்னாள். "இன்னிக்கும் நேரத்துக்கு மீன் வரலேன்னா வேற ஆள வச்சுக்குவேன்னுட்டாரு. புருசன் இல்லாதவ. அந்த ஓட்டல் ஒண்ணுதான் எனக்குக் கஞ்சி. போயி கால்ல வுழுந்து பாக்கணும்."

தாமோதரன் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவன் ஏறினான்.

கிளிப்பச்சைக் கோட்டு. கழுத்தில் சிவப்பு டை. கால்களில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூட்சு. தலையில் இறகு செருகிய தொப்பி. கையில் கப்பல்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி பெரிய தோல் பெட்டி.

துறைமுகத்தில் கரி சுமக்கிற பையன்களில் சிலருக்கு இப்படி ஒரு பைத்தியம். கப்பல் சிப்பந்திகள் கழித்துப் போட்டதை வாங்கி, வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். 'கோட்டு செட்டு' என்று பெயர். இவன் இன்னாசி.

"பெட்டியில என்ன தொரை?" என்றார் கண்டக்டர்.

"உடுப்பு சார். மத்தியானத்துக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு."

டிராமே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

கெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யே! இது எந்தக் கூண்டுலேந்து தப்பிச்சு வந்த கிளி?"

இன்னாசி வெளியே பார்த்தான்.

"தோள்ல இன்னா நைனா, தலகாணி வச்சித் தச்சிகினியா? கழுத்துல இன்னா அது, நாய் நாக்காட்டம் தொங்கிகினு கீது?"

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

"பூட்சப் பாரேன். ஒரு காலுக்கு ரெண்டு கலரு. ஒரே கலருல தோலு கெடைக்கலியா?"

அவன் காது சிவந்துவிட்டது.

தாமோதரனுக்கே பொறுக்கவில்லை. தன் வயிற்றெரிச்சலை எல்லாம் இவள் வழியில் போகிற பையன்மேல் கொட்டுகிறாளே!

"போதும்மா. அவன் காசு, அவன் கோட்டு. உனக்கென்ன?"

"நீ கம்முனு இரு சாமி. ஒடம்பு பூரா கரி, அதுக்கு மேல கோட்டாம்!"

தாமோதரன் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார். "இப்படி உட்காருப்பா. என் டிபன் கேரியரை உன் பெட்டிமேல் வைத்துக்கொள்ளலாமா?"

இன்னாசி ஒரு கணம் தயங்கினான். "வைங்க சார்."

கொஞ்ச நேரத்தில் தாமோதரன் மூக்கைச் சுளித்தார். "கூடை இல்லாமலே மீன் வாடை அடிக்கிறதே!"

"சமுத்திரத்துல பொறந்த ஒடம்பு சாமி. எத்தினி தபா குளிச்சாலும் போவாது. இன்னா பண்ணச் சொல்றே? எறங்கிடட்டுமா?"

அவர் மறுபடி பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

மண்ணடியில் மூவருமே இறங்கினார்கள். கெங்கம்மா ஒரு பக்கம், கிளிப்பச்சை ஒரு பக்கம்.

தாமோதரன் ஆபீசுக்குப் போகிற குறுக்குச் சந்து, தாவூது பாய் ஓட்டலின் பின்கட்டை ஒட்டிப் போகிறது. திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

கோட்டைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு, இன்னாசி குந்தியிருந்தான். பெட்டி திறந்திருந்தது. ஈரச் சாக்கு. அதற்குள் பளபளவென்று வஞ்சிரம். ஒவ்வொன்றாக எடுத்துக் கெங்கம்மாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து தாவூது பாய் எட்டிப் பார்த்தார். "வந்துட்டியா கெங்கம்மா? சீக்கிரம் கொண்டாம்மா, அடுப்பு காத்துகினு கீது."

அவர் தலை மறைந்ததும் கெங்கம்மா இன்னாசியின் கன்னத்தைத் தொட்டாள்.

"இன்னிக்கு ரொம்ப வாய வுட்டுட்டனா நைனா? மனசுல வச்சிக்காதே."

"தொப்பிய மறந்துட்டியேக்கா! நாளைக்கு அதையும் சேத்துக்கோ. நீ திட்டத் திட்டத்தான் அல்லாரும் கோட்டையே பாத்துகினு கீறாங்கோ. பெட்டிய எவன் பாத்தான்?"

தாமோதரன் தன் டிபன் கேரியரின் அடியைத் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பி, சுற்று வழியில் ஆபீஸ் போனார்.

மறுநாள். அதே டிராம், அதே கிளிப்பச்சை, அதே பெட்டி.

"எங்கேயோ மீன் நாத்தம் வருதே!" என்று ஒருவர் குனிந்து பெட்டிப் பக்கம் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார்.

திட்ட வாயெடுத்த கெங்கம்மா பெட்டியையே பார்த்தாள். இன்னாசி பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

தாமோதரன் டிபன் கேரியரை ணங்கென்று அந்தப் பெட்டிமேல் வைத்துவிட்டு, டிராம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஏம்ப்பா தொரை, தலையில் என்ன அது? கவுத்து வச்ச மண்சட்டியா?"