வலப்பக்கம் இடிமேகம்

“சாயந்தர ரயில்ல உங்கண்ணன் வர்றான். பொம்மிடிக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வந்துடு” என்றாள் நஞ்சம்மாள், மகன் தட்டில் களி உருண்டையை வைத்தபடி.

“அவன் இந்த வூட்டுக்குள்ள வர்றப்ப நான் பெங்களூர் பஸ்ல இருப்பேன்” என்றான் மாயவன்.

நான்கு வருடமாக இதே பாட்டுத்தான். தன்னைப் போலப் பட்டாளத்தில் விமானியாகச் சேராமல் தம்பி பயணிகள் விமானம் ஓட்டப் போனது அண்ணன் சென்றாயனுக்குப் பிடிக்கவில்லை. “வானத்துல பஸ் ஓட்டப் போறியா?” என்று கடத்தூர்ச் சந்தையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். அதோடு பேச்சு அறுந்தது. அண்ணன் வடக்கே எல்லையில் எங்கோ இருக்கிறான் என்பதற்கு மேல் மாயவன் விசாரித்ததே இல்லை. நஞ்சம்மாளுக்கோ, கண்ணை மூடுவதற்குள் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிட வேண்டும்.

இன்று அவள் வற்புறுத்தவில்லை. பேச்சை மாற்றினாள். போன மாதம் வானத்தில் அவனுக்கு ஏதோ கண்டம் தப்பியதாமே என்று கேட்டாள்.

அம்மாவுக்கு யார் சொன்னார்களோ, மாயவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதைச் சொல்ல அவனுக்கு அலுப்பதே இல்லை. மெட்ராஸிலிருந்து பெங்களூர், நூற்றுப்பத்துப் பயணிகள். நாலா திசையிலிருந்தும் விமானங்கள் வந்து கூடுகிற இடம், பக்கத்திலேயே பட்டாளத்து விமானங்கள் பயிற்சி செய்யும் வானம். மேலகிரி மலைக்கு மேலே இடிமேகம் ஒன்று வழிமறித்தது. டவரில் அனுமதி வாங்கிக்கொண்டு, மேகத்தை இடப்பக்கம் விட்டுச் சுற்றினான். அப்போதுதான் முன் கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி நகர்ந்தால் பயமில்லை. இது நகராமல், இருந்த இடத்திலேயே பெருத்துக்கொண்டு வந்தது. பட்டாளத்து விமானம் ஒன்று நேராக மோத வருகிறது என்று அர்த்தம்.

“நில்லுடான்னு அவங்கிட்ட பேச முடியாதா?”

“அவங்க ரேடியோ வேறம்மா, எங்க ரேடியோ வேற. எதிரெதிரே வந்தா அவங்கவங்க வலப்பக்கம் ஒதுங்கணும், அதான் சட்டம். எனக்கு வலப்பக்கம் வெட்டவெளி. ஒதுங்கிட்டேன், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. ஆனா அவனுக்கு வலப்பக்கம் அந்த இடிமேகம். ஒரு நொடி தயங்கியிருந்தா நானும் இல்ல, நூத்திப்பத்து பேரும் இல்ல. தெரிஞ்சே அதுக்குள்ள பூந்தான்ம்மா.”

அடிபட்ட இறக்கையோடு அந்த விமானம் எப்படியோ தரையிறங்கிவிட்டது என்று மட்டும் பிறகு டவரில் சொன்னார்களாம். பட்டாளத்து விமானி என்பதால் பேரைச் சொல்லவில்லையாம்.

“அவனக் கண்டா கால்ல விழுந்து கும்பிடுவேன். எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ” என்றான் மாயவன்.

நஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை அவன் பார்த்ததே இல்லை.

“நாந்தாண்டா பெத்தேன். பெங்களூருக்கு மாத்தலாகி வந்து ஆறு மாசமாச்சு. எதிர்ல வந்தது நீதான்னு விசாரணைக் காயிதத்துல பார்த்ததுலேருந்து, உன்னை முழுசா ஒரு தரம் கண்ணால பார்த்துடணும்னு தவிச்சுக்கிட்டு வர்றான் உங்கண்ணன்.”