பாத்துவின் பத்து கிலோ

"எம்பது!"

மெஷினில் ஏறி நின்ற பாத்து, தன் எடையைத் தானே சத்தம் போட்டு வாசித்தாள். மாடி அறையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த பிரம்மநாயகிக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்!

'அடி ஆத்தி! எழுபதுல இருந்தவளுக்குப் பத்து கிலோ கூடிட்டா? எனக்குப் போன் போட்டுப் போட்டு புத்தி சொன்னவ இவதானே!'

ஆறு வருஷத்துக்கு முன்னால், வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனை ஒரே வாரத்தில் செய்துகொண்டவர்கள் இவர்கள் இருவரும். டவுண் பள்ளிக்கூடத்தில் டீச்சரான நாயகி, நூற்றுப் பதினெட்டிலிருந்து அறுபத்தெட்டுக்கு இறங்கினாள். பாத்துவுக்கு மேலப்பாளையம். கணவர் நாசருக்கு மளிகைக் கடை. அந்தக் கடையின் மாடியில்தான் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். முதலில் மெஷின், அப்புறம்தான் பேச்சு. எடையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் போட்டதே பாத்துதான்.

நாயகி ஐந்து மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் அல்வா. ஒன்றரை இட்லிக்கே நெஞ்சை அடைக்கிற வயிறு, அல்வாவை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், ரதவீதியில் நின்றபடியே சூடாக நூறு கிராம். உட்கார்ந்து சாப்பிட்டால்தானே சாப்பாடு? நின்றபடி சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

நன்றாகவே ஒட்டியது. வெட்கத்தில் டாக்டரிடம் போகவில்லை. சத்து மாத்திரையையும் விட்டாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. போன வாரம் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் கட்டி, பிள்ளைகள் முன்னால் மயங்கி விழுந்தாள்.

நேற்று பாத்து போனில் பிடித்துவிட்டாள்.

"ரத்தம் பாத்தியளா அக்கா?"

"அங்கன போனா மொதல்ல எடை பாப்பாங்களே பாத்து."

"அப்ப இங்க வாங்க."

"எதுக்கு? நீங்கல்லாம் கொறஞ்சு நிக்கீங்க. நான் மட்டும் ஊதிப்போயி நடுவுல வந்து நிக்கணுமாக்கும்? நான் வரல."

வரல என்றால் விடுகிற ஆளா அவள்? ஆட்டோவை வீட்டு வாசலுக்கே அனுப்பிவிட்டாள். மெஷின் முறை வருமுன் நைசாக நழுவிவிடலாம் என்றுதான் நாயகி கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

பாத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மெஷினிலிருந்து இறங்கினாள்.

"ஆமா, கூடிட்டு. பிரியாணிதான். பெருநாளு, கல்யாணம்னு சாக்குச் சொல்லிச் சொல்லித் தின்னேன். அதுக்காவ வீட்டுக்குள்ள மூஞ்சியைப் பொத்திக்கிட்டுக் கெடந்தா கொறஞ்சிருமா?"

யாரும் நிமிரவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரான அப்பாத்துரை அண்ணாச்சி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பாவம், அவர்களுக்கே சங்கடமாக இருக்கும்போல என்று நாயகி நினைத்தாள்.

"திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போறேன்," என்றாள் பாத்து. "ஒத்தையில போவ பயமா இருக்கு. யாராவது கூட வாரியளா?"

"நான் வாரேன்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று நாயகிக்கே உறைத்தது. எழுந்தவள் எப்படி நடந்தாளோ, மெஷினில் ஏறிவிட்டாள்.

"எழுவத்தேழு," என்றாள். "ஒம்பது கிலோ கூடிட்டேன். அல்வா. நின்னுக்கிட்டே தின்னா ஒட்டாதுன்னு நெனச்சேன்." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எனக்கு மூணாம் வருசம் பதினோரு கிலோ கூடிச்சும்மா," என்றார் அப்பாத்துரை. "பிஸ்கட்டை டீயில முக்கி முக்கித் தின்னேன். நம்ம வயிறு, கடிச்சுத் திங்கிறதைத்தான் தடுக்கும். கரையுறது, வழுக்குறதெல்லாம் அதுபாட்டுக்கு எறங்கிரும். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்குப் போன் போடுங்க டீச்சர். அல்வாக்கடையைத் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே நடப்போம்."

"தெனமுமா அண்ணாச்சி?"

"தெனமும்தான். எனக்கு வேற என்ன சோலி?"

அழுகைக்கு நடுவே நாயகி சிரித்துவிட்டாள். ஐந்து மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போதுதான் சுருக்கென்றது. 'சே! அவ எடை கூடுனதுக்கா சந்தோஷப்பட்டேன்? அவளுக்கு யாரு ஆறுதல் சொல்லுவா?'

நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கடையின் திறந்திருந்த பின்கதவுப் பக்கம் திரும்பினாள். உள்ளே நாசரின் குரல் கேட்டது.

"ஏ பாத்து, அஞ்சு கிலோ எடைக்கல்லு ரெண்டையும் காணுமே! வெங்காயம் நிறுக்கணும், ஆளு காத்துக்கிட்டு நிக்கி!"

"சத்தம் போடாதிய, அக்கா இன்னும் ஆட்டோ ஏறல." பாத்து புர்காவுக்குள் கையை விட்டு, இடுப்பில் துண்டோடு கட்டியிருந்த இரண்டு இரும்புக் கற்களையும் அவிழ்த்து, பைய அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த மாசம் ஒண்ணு மட்டும் குடுங்க, போதும். நான் அஞ்சு கிலோ எறங்குனாத்தான் அக்காவுக்கும் எறங்கலாம்னு தெம்பு வரும்."