மோசமான நாளைச் சொல்

“அடுப்பைப் பத்தவெச்சிட்டு மறந்துட்டுப் போய்ப் படுத்தாச்சு. பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. எதிர்வீட்டுக்காரங்க பார்த்துட்டு போன் பண்ணி, ஃபயர் இஞ்சினே வந்து நின்னுடுச்சு. இவனை வெச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே!”

ஜோலீன் சொல்லச் சொல்ல, எதிரே மாரிசெல் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். ரஸ்ஸலுக்கு எவ்வளவு உதவி தேவை என்று கணக்கெடுக்க, கவுன்ட்டி ஆபீஸிலிருந்து வருஷா வருஷம் வருகிறவள். மகன் ரஸ்ஸல் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மஃபினில் இருந்த ப்ளூபெர்ரிகளை மட்டும் நோண்டி நோண்டித் தின்றுகொண்டிருந்தான்.

ரஸ்ஸலுக்கு முப்பத்துநாலு வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். அவனுக்கு உதவியாக வீட்டுக்கு வந்துபோகும் பணியாளரின் நேரத்தை இந்த வருஷம் பாதியாக வெட்டப்போகிறார்கள் என்று டுலூத் ஊர் முழுக்க ஒரே பேச்சு. வெட்டினால் ஜோலீன் ஒண்டியாகச் சமாளிக்க முடியாது. முடியவில்லை என்று தெரிந்துவிட்டால், பிள்ளையை எங்கோ ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதமாக அவளுக்கு இதே நினைப்புதான்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடும், இவனைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் பிள்ளை பெருமை பேசிடாதே. தானே ஷூ மாட்டிக்கறான், தானே பஸ் ஏறிப் போறான்னு வாயைத் திறந்தியோ, தொலைஞ்சே. இருக்கிறதிலேயே மோசமான நாளைப் பார்த்துச் சொல்லு. வருஷம் பூராவும் பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அத்தனை அம்மாக்களும் அந்த ஒரு நாள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜோலீனும் செய்தாள். பாத்ரூம் குழாய் திறந்தபடி கிடந்து ஹால் வரை வெள்ளமானதைச் சொன்னாள். கொட்டுகிற பனியில் கோட்டுகூட இல்லாமல் தெருமுனை வரை நடந்துபோய், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். இட்டுக்கட்டியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் போன குளிர்காலத்தில் நடந்ததுதான். ஆனாலும் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியது. அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இதெல்லாம் அவன் மனதில் தங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாரிசெல் தட்டுவதை நிறுத்தினாள். போன வருஷம் தான் வந்தபோது ரஸ்ஸல்தான் காபி போட்டுக் கொடுத்தார், அடுப்பைக் கூட மறக்காமல் அணைத்தாரே என்று ஆச்சரியப்பட்டாள். ஜோலீன் குறுக்கிட்டாள். வர வர மோசமாகிக்கொண்டே போகிறது, இப்போதெல்லாம் கண்ணை எடுக்க முடிவதில்லை என்று அவசர அவசரமாகச் சொன்னாள்.

“அவரையும் ஒரு வார்த்தை கேக்கணும், அதான் சட்டம்” என்று மாரிசெல் அவன் பக்கம் திரும்பினாள். “ரஸ்ஸல், அடுப்பை மறந்தது நீங்கதானா?”

ஜோலீன் மடியில் இருந்த கைக்குட்டையை முறுக்கினாள். ரஸ்ஸல் விரல்களை நக்கினான். அம்மாவை ஒருமுறை பார்த்தான்.

“ஆமா. நான்தான். சாரி.”

அந்த ‘சாரி’தான் அவளைக் கொன்றது. புகை வந்த அன்றைக்கும் இப்படித்தான். என்ன காரியம்டா பண்ணிவெச்சிருக்கே என்று அவள் கத்தியபோது, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இதே சாரியைத்தான் சொன்னான். அன்றிரவு சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டான். பாவி, நான் பெரிய பாவி என்று ஜோலீன் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாரிசெல்லுக்கு மனசு இளகிவிட்டது. நேரத்தை வெட்டுவதாவது, இந்த வீட்டில் இனி சாயங்காலமும் ஒரு ஆள் இருக்க வேண்டும், அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படித்தான் எழுதப்போகிறேன் என்றாள். ரஸ்ஸல் எங்கேயும் போகவேண்டியதில்லை, அம்மாவோடேயே இருக்கலாம் என்று அவன் தோளைத் தட்டினாள். வாசலில் குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனி வலுப்பதற்குள் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

ஜோலீன் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? கார் திரும்பி மறைகிறவரை கூடக் காத்திருக்க முடியாமல் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மகனைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சுடுடா கண்ணு. உன்னைப் போய் அப்படிச் சொல்லிட்டேன். நான் எல்லாம் ஒரு அம்மாவா?” என்றாள்.

ரஸ்ஸல் அவள் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதோடு சொன்னான்.

“அழாதம்மா, நான் யார்கிட்டயும் சொல்லல. இனிமே நீ எதை மறந்தாலும் பாத்துக்க ஆள் வருவாங்கல்ல?”