பால்கனிப் பட்டறை

"இது எட்டாவதா, ஒன்பதாவதா?"

எர்மெக் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு கைக்கும் அடங்காத அட்டைப் பெட்டி. அதன் மேல் அச்சடித்த படத்தில் ஒருத்தன் பலகையை இழைத்தபடி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எட்டுதான் ரௌஷான். இழைப்பு மிஷின். சந்தையில கடைசிப் பெட்டி, விட்டா போயிருக்கும்."

"எதை இழைக்கப் போறீங்க? என்னையா?"

ரௌஷானுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அன்றைக்கு நியாயமும் அவள் பக்கம் இருந்தது. கண்ணாடி போட்ட அந்தச் சின்னப் பால்கனியில் டிரில் மிஷின், மின்சார ரம்பம், பலகையை இறுக்கிப் பிடிக்கக் கருங்கல் மாதிரி ஒரு வைஸ், எழுபது துண்டு ஸ்பேனர் செட் என்று எல்லாம் உறைகூடப் பிரிக்காமல் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தன. அவள் உப்பில் போட்ட தக்காளி ஜாடிகள் அங்கே இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

இதில் கொடுமை, சமையலறை அலமாரிக் கதவின் கீல் கழன்று நாலு நாள் ஆகிறது. திறந்தால் கதவு கையோடு வருகிறது.

"இத்தனை மிஷின் இருக்கே வீட்டுத் தலைவரே, அந்தக் கீலை ஒரு முடுக்கு முடுக்கினா என்ன?"

"ஞாயித்துக்கிழமை கைரோல்லா அகா வருவாரு. அவரு பார்த்துப்பாரு."

கைரோல்லா மேல்மாடிக்காரர், எர்மெக்குக்கு 'அகா', அதாவது அண்ணன் முறை. கரகண்டா சுரங்கத்தில் மரவேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் வருவார். இரண்டு திருகை முடுக்குவார். வேலை செய்ய வந்த மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? இறைச்சி, சுடச்சுடப் பொரித்த பௌர்சாக் மாவுருண்டை, எட்டுக் கிண்ணம் தேநீர் என்று பொழுது சாயும். கிளம்பும்போது மிச்சத்தைப் பொட்டலம் கட்டியும் கொடுக்க வேண்டும், அது மரியாதை. அடுத்த ஞாயிறு அதே கீல் மறுபடி தொங்கிக்கொண்டிருக்கும்.

"அஞ்சு நிமிஷ வேலைக்கு அஞ்சு மணி நேர விருந்தா? இந்தத் தடவை பாருங்க, முதல் கிண்ணத்தையே ததும்பத் ததும்ப ஊத்தறேன்!"

எர்மெக் பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டார். அந்த ஊர் வழக்கப்படி, விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் 'இன்னும் இருங்கள்' என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டு நடையைக் கட்டு'. அதற்குப் பிறகு ரோஷமுள்ள எவனும் அந்த வாசலை மிதிக்க மாட்டான்.

"ஊத்தித்தான் பாரு!"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு அவரே பயந்துபோனார்.

"ரௌஷான்... அந்தக் கீலைக் கழட்டறதே நான்தான்."

"என்னது?"

"வாரா வாரம், நீ கடைக்குப் போனதும். திருப்புளியை வெச்சு."

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"போன குளிர்காலத்துல பொண்டாட்டி போனதிலிருந்து மனுஷன் வீட்டை விட்டு இறங்கலே. சாப்பிட வாங்கன்னா, 'சும்மா எப்படி வர்றது'ங்கறாரு. ஒரு வேலை இருக்குன்னா ஓடி வர்றாரு. அதனாலதான் எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கேன். அவரு எந்த மிஷினைச் சொன்னாலும் வாங்கிடறேன். 'இது எப்படி ஓடும் அகா'ன்னு கேட்டாப் போதும், பெட்டியைப் பிரிக்காம, படத்தை வெச்சே ஒரு மணி நேரம் பேசுவாரு. அந்த நேரமாவது சிரிக்கறாரே!"

ரௌஷான் கீழே கிடந்த பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"உன் வாயில தங்குமா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கத்தைவிட ஒரு பங்கு அதிகமாகவே இறைச்சி வேகவைத்தாள். கைரோல்லா வந்தார், கீலை மாட்டினார், கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். எர்மெக் ரொட்டி வாங்கக் கடைக்கு இறங்கியிருந்தார். ரௌஷான் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக, ரொம்ப மரியாதையாகத் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"அடுத்த வாரமும் கட்டாயம் வந்துடுங்க அகா. இவருக்கு ஒரு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது."

கைரோல்லா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். தம்பி பெண்டாட்டி முறை வைத்து 'கெலின்' என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

"அவனை ஒண்ணும் சொல்லாதே கெலின். கீல் மேல தப்பில்லே, அவன் மேலயும் தப்பில்லே. நான்தான் திருகைப் பாதியோட விட்டுட்டுப் போறேன்."

"நீங்களா? ஏன் அகா?"

"எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை கால் நீட்டிப் படுக்க ஆசை இல்லையா? ரிட்டையர் ஆனதிலிருந்து அவன் ஜன்னலே கதின்னு கெடந்தான், பார்க்கச் சகிக்கலே. நானும் வரலேன்னா பேச்சுத் துணைக்கு அவனுக்கு யாரு இருக்கா?" என்றவர், ஒரு பௌர்சாக்கை வாயில் போட்டுக்கொண்டார். "இந்த வீட்டு வேலைக்கு ஒரு திருப்புளி போதும் கெலின். வெளியே போய் நாலு மனுஷங்க முகத்தைப் பார்க்கட்டுமேன்னுதான், மாசத்துக்கு ஒரு மிஷின் பேரைச் சொல்லி அவனைச் சந்தைக்கு விரட்டறேன்."