பின் ஸ்டோர் பேய்

மேரு என்ற ஊரில் உள்ள கையுறைத் தொழிற்சாலையின் எச்.ஆர். மேனேஜர் பரமேஸ்வரன், இன்று இந்தப் பேய்க் கதைக்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்றிருந்தார்.

"பின்பக்க ஸ்டோர்ல பேயைப் பார்த்தியாம்மா?"

"ஆமா சார்," என்றாள் பேக்கிங் பிரிவு புஷ்பவல்லி.

"முகம் தெரிஞ்சுச்சா?"

"லைட் இல்ல சார். பின்னாடி மூச்சு விடுற சத்தம்தான் கேட்டுச்சு."

"உன்கூட வேலை செய்ற மாதவி கையில இருக்கிற கீறல்? அட்டைப்பெட்டி கிழிச்சிருக்கும்!"

"இருக்கலாம் சார்."

"அப்போ ஆதாரமே இல்லலா! இதை நம்பி முதலாளி பூசாரியையும் கூப்பிட்டு, மலாய் மந்திரவாதி போமோவையும் கூப்பிட்டார். ஒரே வாரத்துல ஸ்டோருக்கு லைட், கேமரா. பொம்பளைங்க தனியா போகக்கூடாதுன்னு ஆர்டர் வேற. உண்மையைச் சொல்லு, பொய்தானே?"

"பொய்தான் சார்."



புஷ்பவல்லி தன் பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஸ்டோர் சூப்பர்வைசர் இருட்டுல கையைப் பிடிச்சு இழுக்கிறார்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தோம் சார். மூணுலயும் 'ஆதாரம் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதான். மாதவி கையைக் காட்டினப்போ, அன்னிக்கும் அட்டைப்பெட்டி கிழிச்சிருக்கும்னுதான் சொன்னீங்க."

அவள் எழுந்தாள்.

"அதான் பேய்னு சொன்னோம். முதலாளி ஆதாரமே கேக்கல."